ஓவல் கல்லுக்குள் தெரிந்த கறுப்பு

முனீஸ்வரிக்கு இரண்டு விஷயங்களில் குமட்டும். ஒன்று, கடை திறந்ததும் மாடி முழுக்க அடிக்கிற ரோஜா வாசனை ஸ்பிரே. இன்னொன்று, சின்ன முதலாளி ராம்கியின் வாயிலிருந்து வருகிற 'எக்ஸலென்ட்' என்கிற சொல். ஸ்பிரே பத்து நிமிஷத்தில் அடங்கிவிடும். எக்ஸலென்ட் கடை அடைக்கிற வரைக்கும் அடங்காது.

மதுரை தெற்காவணி மூல வீதியில் ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு நிற்கும் நகைக்கடைகளில் ஒன்றின் முதல் மாடி. அங்கே வைரக் கவுண்டரில் ஆறு வருஷமாக நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிற்கிறாள்தான். முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் உண்டு, சட்டப்படி உண்டு. அதன் மேல் நகைப்பெட்டி அட்டைகள் அடுக்கிக் கிடக்கும். ஆய்வுக்கு ஆள் வருகிற அன்று அட்டைகளை இறக்கி, அவளை உட்காரவைத்து, போட்டோ எடுத்துவிட்டு மறுபடி அட்டைகளை ஏற்றிவிடுவார்கள்.

செக்கானூரணியிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில் அவள் ஊர். அப்பா கிடாய் வாங்கி விற்பவர். அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் காலேஜ் வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். பட்டம் வாங்கிய அன்று கறுப்பு அங்கியோடு எடுத்த போட்டோவை அவள் அப்பா சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் சந்தைக்குப் போவார். ஆட்டுக்கு விலை படியாத இடத்தில்கூட, "எம்மக பிசிக்ஸு" என்று அதை எடுத்து நீட்டிவிட்டு வருவார். பி.எட். படித்து டீச்சராக வேண்டும் என்பது அவள் நினைப்பு. ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கலாம் என்று வந்தாள். தம்பிக்கு பாலிடெக்னிக், அக்காவுக்குப் பிரசவம், அம்மாவுக்கு மூட்டு வலி என்று அந்த ஒரு வருஷம் நீண்டுகொண்டே போனது.

முதலில் தங்கத்தில் போட்டார்கள். வைரத்துக்கு மாற்றும்போது பத்து நாள் பயிற்சி. கூட வந்தவர்கள் எல்லாம் எப்படிச் சிரிப்பது, எப்படி 'மேடம்' சொல்வது என்று குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, இவள் இடுக்கி நுனியில் இருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ புத்தகத்தில் 'முழு அக எதிரொளிப்பு' என்று ஒரு பாடம். வைரத்தின் மாறுநிலைக் கோணம் இருபத்துநாலு டிகிரி சொச்சம் என்று மூன்று மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்த வரி. அது கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போன வெளிச்சம் எங்கே முட்டி, எப்படித் திரும்பி, எந்தப் பட்டையில் வெளியே வருகிறது என்பதெல்லாம் வெட்டினவன் வைத்த கோணத்தில் இருக்கிறது. 'அட, இதுதானா அது!' என்று அவளுக்கு அன்றைக்கு உண்டான சந்தோஷம் பட்டம் வாங்கியபோதுகூட உண்டாகவில்லை.

அந்தச் சந்தோஷத்தை ராம்கி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தான்.

வட்டக் கல் என்றால் கூட வருகிற லேப் சீட்டிலேயே வெட்டுக்கு மார்க் போட்டிருக்கும். இந்தக் கடைக்கு வருகிற ஓவல் கல் சீட்டுகளில் அது கிடையாது. பாலிஷுக்கு ஒரு மார்க், இரண்டு பக்கமும் ஒத்திருப்பதற்கு ஒரு மார்க். வெட்டு எப்படி என்பதை நீளம், அகலம், ஆழம், மேல்தட்டையின் அளவு என்று போட்டிருக்கிற எண்களையும், அதற்கு மேல் கண்ணையும் வைத்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ராம்கி என்ன செய்வான் என்றால், பாலிஷ் மார்க்கையும் அடுத்த மார்க்கையும் விரலால் தட்டிக் காட்டி, "கட்டிங் எக்ஸலென்ட், எக்ஸலென்ட். டபுள் எக்ஸலென்ட் சார்" என்பான். வாங்குகிறவர் தலையாட்டுவார். முனீஸ்வரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. நீளத்தை அகலத்தால் வகுப்பாள். ஒன்றரையைத் தாண்டினால் வெள்ளரி விதை மாதிரி இழுத்துக்கொண்டு போகும். ஒன்றேகாலுக்குக் கீழே இறங்கினால் வட்டமும் இல்லாமல் முட்டையும் இல்லாமல் உப்பிக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவே, ஒன்று புள்ளி நாலு பக்கம், விரலுக்கு அழகு. ஆழம், அகலத்தில் நூற்றுக்கு அறுபதை ஒட்டி இருந்தால் நல்லது. எழுபதைத் தாண்டினால் எடையெல்லாம் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும்; வெளிச்சம் திரும்பி மேலே வராது. இது போக ஓவலுக்கு ஒரு வியாதி உண்டு. கல்லின் நடுவில் குறுக்காக, ஈ இரண்டு றெக்கையை விரித்த மாதிரி ஒரு கறுப்பு விழும். எல்லா ஓவலிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். நல்ல வெட்டில் கல்லை அசைத்தால் கண்சிமிட்டி மறைந்துவிடும். கெட்ட வெட்டில் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அப்படி ஒன்று அந்தக் கடைத் தட்டில் இரண்டு வருஷமாகக் கிடந்தது. எடை ஒரு கேரட்டும் இரண்டு சென்ட்டும். ஆழம் எழுபத்திரண்டு. முனீஸ்வரி அதற்குத் 'தொப்பை' என்று பேர் வைத்திருந்தாள். ராம்கி சல்லிசாகக் கிடைக்கிறதென்று வாங்கிப்போட்டது. கண் தெரிந்தவர்கள் எல்லாம் அதைத் தள்ளிவைத்துவிட்டுப் போனார்கள். எடையை மட்டும் பார்க்கிற ஆள் ஒருவர் வருவார் என்று அவன் காத்திருந்தான்.

வந்தார். தை மாசம் ஒரு புதன்கிழமை.

முன்னால் வந்தவர் செல்வக்குமார். கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மை பூசிய முடி, மை பூசிய மீசை. மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவருக்குப் பின்னால் தோளில் வெள்ளைத் துண்டோடு கண்ணுச்சாமி, செல்லம்பட்டிப் பக்கம் நெல்லும் கொஞ்சம் மல்லியும் போடுகிறவர். பெண்ணைப் பெற்றவர். கூடவே அந்தப் பெண், கனகலட்சுமி. அண்ணா நகரில் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டும். அதற்குக் கல் பார்க்க வந்திருந்தார்கள்.

"தாயி, முட்டை மாதிரி ஒரு வைரம் இருக்காம்ல, அதக் காட்டு" என்றார் கண்ணுச்சாமி.

"ஓவல்னு சொல்லுங்க சம்பந்தி. முட்டைங்கிறீக" என்று செல்வக்குமார் முனீஸ்வரியைப் பார்த்துக் கண்ணடித்துச் சிரித்தார். "பையன் வாட்சப்புல படம் அனுப்பியிருக்கான். ஒரு கேரட்டு. அதுக்குக் கொறைஞ்சா அங்க ஆபீஸ்ல மதிக்க மாட்டாகளாம்."

முனீஸ்வரி தட்டில் இருந்ததிலேயே நல்லதை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தாள். "இது தொண்ணூத்தொரு சென்ட்டுங்கய்யா."

"சென்ட்டா? வீட்டு மனையா வாங்க வந்தோம்?" கண்ணுச்சாமி வாய்விட்டுச் சிரித்தார்.

"நூறு சென்ட்டு சேந்தா ஒரு கேரட்டுங்கய்யா. இங்கயும் அப்பிடித்தான் அளப்பாக."

செல்வக்குமார் சிரிக்கவில்லை. "ஒரு கேரட்டுக் கேட்டா தொண்ணூத்தொண்ண எதுக்கும்மா எடுத்து வைக்கிற?"

வேறு வழியில்லாமல் தொப்பையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கனகலட்சுமி மேஜையில் இருந்த பூதக்கண்ணாடியை யாரும் சொல்லாமலே எடுத்துக் கண்ணில் வைத்தாள். மைக்ரோஸ்கோப்போடு குடித்தனம் பண்ணுகிற கை. "அக்கா, எடை கொறைஞ்சதுதான பெருசாத் தெரியுது?"

"ஆமா. நீளம் ஏழு புள்ளி எட்டு. அது ஏழு புள்ளி நாலுதான்."

"அதெப்பிடித் தாயி, எடை கூடுனது சின்னதா இருக்கும்?" என்றார் கண்ணுச்சாமி.

"ரெண்டு கெணத்த நெனச்சுக்கங்கய்யா. வாய் அகலம் ஒண்ணுதான். ஒண்ணு அறுவது அடி, ஒண்ணு எழுவத்திரண்டு அடி. மேல நின்னு பாக்குறவனுக்கு வாய்தான தெரியும்? அடியில தோண்டுன பன்னெண்டு அடி தெரியுமா? அந்தத் தெரியாத பன்னெண்டு அடிக்குத்தான் இதுல வெல கூட. அதுவும் போக, ஆழமான கெணத்துல எட்டிப் பாத்தா இருட்டாத்தான இருக்கும்?"

கண்ணுச்சாமிக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. கிணறு வெட்டி நொந்த மனுஷன்.

"ஏம்மா, நாங்க கெணறு வெட்டவா வந்திருக்கோம்?" என்றார் செல்வக்குமார். "சீர அன்னைக்கு மைக்குல வாசிப்பாக. இன்ன வீட்டார், மாப்பிள்ளைக்கு ஒரு கேரட் வைர மோதிரம்னு வாசிக்கணும். தொண்ணூத்தொரு சென்ட்டுன்னு வாசிச்சா எங்க பங்காளிக ஒருத்தனும் வாயால சிரிக்க மாட்டான். சீட்டுல ஒண்ணுன்னு இருக்கணும். அம்புட்டுத்தான்."

மைக்கில் வாசிப்பதற்காக ஒரு கல். ஒருத்தன் வருஷக்கணக்காக விரலில் போடப்போகிற பொருளை, பந்தலில் ஒரே ஒரு தடவை, கொட்டும் கூச்சலுமாக இருக்கிற நேரத்தில், எவனோ ஒருவன் வாசிக்கப்போகிற அரை வரிக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அதற்குள் ராம்கி வந்துவிட்டான். "சார், கண்ணுன்னா கண்ணு! ஒரு கேரட்டுக்கு மேலேயே ரெண்டு சென்ட். கட்டிங் பாருங்க, எக்ஸலென்ட், எக்ஸலென்ட். முனீசு, சாருக்குக் காபி சொல்லு."

சொல்லப் போனவளுக்குப் பின்னாலேயே கனகலட்சுமி எழுந்து வந்தாள். மாடிப்படி ஓரத்தில் ஒரு ஜன்னல் உண்டு. அங்கே நின்று மெதுவான குரலில் கேட்டாள். "அக்கா, அந்தப் பெரிய கல்லுல நடுவுல என்னமோ இருட்டா இருக்கே. என்னது அது?"

முனீஸ்வரி வாயைத் திறந்தாள். கவுண்டரிலிருந்து ராம்கி நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை ஆறு வருஷமாக அவளுக்குத் தெரியும்.

"ஓவல்னா கொஞ்சம் இருக்கும்மா" என்றாள்.

பொய் இல்லை. ஆனால் பாதி. அந்தப் பாதியைச் சொன்ன வாயை அன்றைக்குப் பூராவும் அவளுக்கே பிடிக்கவில்லை. மதியம் டிபன் டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடிவைத்தாள்.

தொப்பை விற்றுப்போனது.

வைரம் வாங்கினால் உடனே கட்டி அணிந்துவிட மாட்டார்கள். ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் சாமி மாடத்தில் மூன்று நாள் வைத்து, கெட்ட கனா வராமல், யாருக்கும் காய்ச்சல் மண்டையிடி வராமல் இருந்தால்தான் மோதிரத்தில் வைத்துக் கட்டச் சொல்வார்கள். ஊர் வழக்கம் என்பதால் கடைக்காரர்களும் ஒத்துப்போவார்கள். எட்டு நாளுக்குள் தோஷம் தெரிந்தால் கல்லைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று இந்தக் கடைப் பில்லின் அடியிலேயே அச்சடித்திருக்கும். முதல் மூன்று நாள் பெண் வீட்டில், அடுத்த மூன்று நாள் மாப்பிள்ளை வீட்டில் என்று பேசி, கல்லைக் காகித மடிப்பில் வைத்துக் கொண்டுபோனார்கள்.

ஏழாம் நாள் காலையில் திரும்பி வந்தார்கள். செல்வக்குமாரின் குரல்தான் முதலில் மாடி ஏறி வந்தது.

"எங்கய்யா ஒங்க முதலாளி? கல்லா கொடுத்தீக, கரியில்லையா கொடுத்திருக்கீக!"

காகித மடிப்பைக் கவுண்டரில் போட்டார். கண்ணுச்சாமி பின்னால் வந்து சுவரோரம் நின்றார். ஒரு வாரத்தில் ஆள் பாதியாகிவிட்ட மாதிரி இருந்தது. கனகலட்சுமி வேலைக்குப் போகிற கோலத்தில், மடித்த வெள்ளைக் கோட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"எங்க வீட்டுக்கு வந்த மறுநாளே போர் மோட்டார் எரிஞ்சுபோச்சு. அதுக்கு மறுநாள் எந்தம்பி பைக்குல போயி விழுந்து முட்டி பேந்துபோச்சு. என்னடான்னு கல்ல எடுத்துப் பாக்குறோம், நட்ட நடுவுல கறுப்பு! குறுக்கால, பாடை கட்டுன மாதிரி. எங்க வீட்ல பத்துப்பேரு பாத்தோம். பத்துப் பேருக்கும் தெரிஞ்சுச்சு."

ராம்கி கல்லை விளக்குக்கு அடியில் பிடித்துப் பார்த்தான். பார்ப்பதற்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. இரண்டு வருஷமாகப் பார்த்த கல்தான். தோஷம் என்று ஒப்புக்கொண்டால் இன்றைக்கே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு இளிச்சவாயன் வர இன்னும் இரண்டு வருஷம் ஆகும். முனீஸ்வரிக்கு அவன் முகத்தில் ஓடியது அத்தனையும் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

"சார், கல்லு எங்க கடைய விட்டுப் போறப்ப சுத்தமாப் போச்சு. சீட்டு இருக்கு" என்றான். அப்புறம் குரலை இறக்கி, "நான் சொல்லக் கூடாது. வைரம் உயிருள்ள பொருள் சார். போன எடம் சரியில்லைனா நெறம் மாறும்."

செல்வக்குமார் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "மொதல்ல யார் வீட்டுக்குப் போச்சு?"

கண்ணுச்சாமி மகளைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்கு வாரப்பவே கறுத்துத்தான வந்திருக்கு? அப்ப எங்க கறுத்துச்சு?" கனகலட்சுமியை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணு ராசி. வேற என்ன? நல்லவேளை, கல்லு காட்டிக் குடுத்துச்சு."

"அப்பிடிச் சொல்லாதீக" என்றார் கண்ணுச்சாமி. "எம்மகளால யாருக்கும் ஒரு கெடுதல்..."

"நான் ஒண்ணும் வேணாங்கல சம்பந்தி. பேசி முடிச்ச சம்பந்தம். ஒரு பரிகாரமா, கல்ல இன்னும் பெருசாப் பாத்து, கூட ஒரு பத்துப் பவுனச் சேத்துப் போட்டீகன்னா, வீட்ல பெரியவுகள நான் சமாளிச்சுக்கிறேன்."

ராம்கி தலையை ஆட்டினான். பெரிய கல் என்றதும் அவன் கை தானாகப் பக்கத்துத் தட்டுக்குப் போயிற்று.

முனீஸ்வரிக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. ரோஜா ஸ்பிரே இல்லை. இரண்டு ஆண்கள், ஒருத்தன் இரண்டு வருஷமாக விலைபோகாத கல்லைக் காப்பாற்ற, ஒருத்தர் இன்னும் பத்துப் பவுனைப் பறிக்க, நடுவில் நிற்கிற ஒரு பிள்ளையின் மேல் கரியை அள்ளி அப்புகிறார்கள். அப்பினவர்கள் மறந்துவிடுவார்கள். உசிலம்பட்டியிலிருந்து செக்கானூரணி வரைக்கும் ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் இது பேசப்படும். இந்தப் பிள்ளைக்கு அடுத்து ஒரு இடம் வந்தாலும் கறுத்த கல்லும் கூடவே வரும். அது கல்லில் இருக்கிற கறுப்பு இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அந்த மாடியில் அவள்தான். பேசாமல் இருந்தால் வேலை இருக்கும். ஏற்கெனவே ஒரு தடவை பேசாமல் இருந்தாயிற்று.

"ஐயா, ஒரு நிமிசம்" என்றாள்.

"முனீசு, நீ கொஞ்சம் உள்ள போயி..."

"இல்லண்ணே."

ராம்கி கையிலிருந்த இடுக்கியை அவள் வாங்கவில்லை. கல்லோடு எடுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். நேராக மாடிப்படி ஜன்னலுக்குப் போனாள். "சார், இங்க வாங்க. ஐயா, நீங்களும் வாங்க. வெளிய இருக்கிற வெளிச்சத்துல பாப்போம்."

ஜன்னல் திட்டில் வெள்ளைத் தாளை விரித்துக் கல்லை வைத்தாள். "கறுப்பு தெரியுதா சார்?"

"தெரியாம? இந்தா இருக்கு."

"இன்னும் குனிங்க. மூக்கு முட்டுற வரைக்கும். கூடுதா?"

செல்வக்குமார் குனிந்தார். "கூடுது. ஆமா, அப்பிக்கிட்டு வருது."

"இப்ப நல்லா நிமிந்து, தள்ளி நின்னு பாருங்க."

"கொஞ்சம் கொறையுது."

"நீங்க கிட்ட வந்தாக் கூடுது, தள்ளிப் போனாக் கொறையுது. தோஷம்னா ஒங்களப் பாத்தா கூடும் கொறையும்?"

"ஏய், என்ன பேசுற?"

"கோவிச்சுக்காதீக சார். அந்த ஐயாகிட்ட துண்டு வாங்கித் தலையில போட்டுக்கிட்டு ஒருக்காப் பாருங்க."

செல்வக்குமாருக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. "யாரப் பாத்துத் தலையில துண்டப் போடச் சொல்ற? நான் என்ன திவாலாப் போயா நிக்கிறேன்?"

யாரும் எதிர்பார்க்காமல் கனகலட்சுமி சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்த வேகத்தில் கண்ணும் கலங்கியது.

சரி, துண்டு வேண்டாம். முனீஸ்வரி பில் மேஜையிலிருந்து ஒரு முழு வெள்ளைத் தாளை எடுத்தாள். பேனா முனையால் நடுவில் ஒரு ஓட்டை போட்டாள். "இத மொகத்துக்கு முன்னால புடிச்சுக்கிட்டு, ஓட்டை வழியா ஒத்தக் கண்ணால பாருங்க."

வேண்டா வெறுப்பாகத்தான் வாங்கினார். பார்த்தார். தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார். மறுபடி தாளை உயர்த்தினார்.

"எங்க போச்சு?"

"எங்கயும் போகல. அது ஒங்க தல சார்."

செல்வக்குமாரின் கை தானாக முடிக்குப் போயிற்று.

"மை போட்ட முடி, மை போட்ட மீசை. நீங்க குனிஞ்சு பாக்கும்போது அந்தக் கறுப்புதான் உள்ள போயித் திரும்பி ஒங்க கண்ணுக்கே வருது. இந்தக் கல்லோட வெட்டு சரியில்ல. நடுவுல இருக்கிற பட்டையெல்லாம் சுத்தி இருக்கிற வெளிச்சத்தப் புடிக்கணும். இதுல பாக்குறவன் தலையப் புடிக்குது. நான் குனிஞ்சா என் தல. முதலாளி குனிஞ்சா முதலாளி தல. இவுக வீட்டுல சாமிக்கு முன்னால வச்சதோட சரி, யாரும் குனிஞ்சு தேடியிருக்க மாட்டாக. ஒங்க வீட்டுல பத்துப் பேரு குனிஞ்சு தேடியிருக்கீக. பத்துத் தலையும் தெரிஞ்சிருக்கு."

கண்ணுச்சாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"கடைய விட்டுப் போறப்பவும் இது இருந்துச்சு" என்று முனீஸ்வரி ராம்கியைப் பார்க்காமலே சொன்னாள். "ரெண்டு வருசமா இருக்கு. அன்னைக்கு இந்தத் தங்கச்சி எங்கிட்டக் கேட்டுச்சு. நாந்தான் பாதிய முழுங்கிட்டேன். அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும்."

ராம்கியின் முகம் அப்போது எடை போட்டு விற்கிற மாதிரி கல்லாகியிருந்தது.

செல்வக்குமார் தாளை மடித்தார். ஒரு மன்னிப்பு வரும் என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. அந்த மனுஷனின் முகம் மாறுவதைப் பார்த்தாள். வெட்கமோ சங்கடமோ இல்லாமல், சட்டை மாற்றுகிற மாதிரி மாறியது.

"நல்லதாப் போச்சு. அப்ப தோஷம் கிடையாது" என்றார். "ஆனா மட்டமான கல்லத் தள்ளிவிடப் பாத்திருக்காக, பாத்தீகளா சம்பந்தி? விடக் கூடாது. இதக் குடுத்துட்டு ஒண்ணேகால் கேரட்டா ஒண்ணு எடுத்துருவோம். மைக்குல வாசிக்கவும் எடுப்பா இருக்கும்."

பாம்பு சட்டையை உரிக்கக்கூட இதைவிட நேரம் எடுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒரு பெண்ணைப் பீடை என்று சொன்ன வாய். அந்த எச்சில்கூடக் காயவில்லை.

"மாமா" என்றாள் கனகலட்சுமி. "காலையில எங்க சின்னம்மாவுக்குப் போன் போட்டு என்ன சொன்னீக?"

"அது... ஏதோ ஒரு பேச்சுக்கு..."

"'ஒங்க பொண்ணு கைபட்ட கல்லு கரியாப்போச்சு'ன்னு சொன்னீக. சின்னம்மா எங்க அம்மாகிட்டச் சொல்லி, அம்மா காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. இன்னும் எத்தன பேருக்குப் போட்டீகன்னு தெரியாது." அவள் குரல் உயரவில்லை. ரிசல்ட் வாசிக்கிற மாதிரி சொன்னாள். "அவுகளுக்கெல்லாம் எந்தத் தாள்ல ஓட்டை போட்டுக் காட்டுறது மாமா?"

செல்வக்குமார் கண்ணுச்சாமியைப் பார்த்து, "பொண்ணு ரொம்பப் பேசுது" என்றார்.

கண்ணுச்சாமி சுவரை விட்டு வந்தார். மகளின் பக்கத்தில் நின்றார். "ஏத்தா, ஒனக்கு இந்த எடம் வேணுமா? ஒனக்கு வேணும்னா அப்பா கால்ல விழுந்துகூட முடிச்சு வைப்பேன். யோசிச்சுச் சொல்லு."

அவள் யோசித்தாள். அப்படியே தூக்கி எறிகிற மாதிரி எல்லாம் சொல்லவில்லை. மூன்று மாசம் போனில் பேசின ஒரு ஆள் அந்தப் பக்கம் இருக்கிறான். கையிலிருந்த வெள்ளைக் கோட்டின் மடிப்பை இரண்டு தடவை நீவிவிட்டாள். "அவருகிட்ட காலையிலேயே இதச் சொன்னேன்ப்பா. 'அப்பா சொல்றத நான் எப்பிடித் தப்புன்னு சொல்ல முடியும்'னு கேட்டாரு. வேணாம்."

கண்ணுச்சாமி ராம்கி பக்கம் திரும்பினார். "முதலாளி, இன்னைக்கு ஏழாம் நாளு. பில்லுல எட்டு நாளுன்னு போட்டிருக்கு. கல்ல எடுத்துக்கிட்டு எங்க ரூவாயக் குடுங்க."

"ஐயா, தோஷம் இல்லைன்னு நம்ம பிள்ளையே..."

"மூணு நாளு வச்சுப் பாக்கிறது எதுக்கு? ஒத்துக்குதான்னு பாக்கத்தான? பாத்துட்டோம். எங்களுக்கு ஒத்துக்கல." அவர் சொல்லும்போது கல்லைப் பார்க்கவில்லை, செல்வக்குமாரைத்தான் பார்த்தார்.

ராம்கி அரை மணி நேரம் இழுத்தான். மேனேஜரைக் கூப்பிட்டான், பெரிய முதலாளிக்குப் போன் போட்டான், கழிவு என்றான். கனகலட்சுமி பில்லைத் திருப்பி அச்சடித்த வரியின் மேல் விரலை வைத்தவள், பணம் வருகிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை. வந்ததும் அப்பாவிடம் கொடுத்தாள். படியிறங்கும் முன் முனீஸ்வரி பக்கம் வந்து, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள். குறையாகத்தான் சொன்னாள். முனீஸ்வரி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். அது நியாயம்.

செல்வக்குமார் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"என்ன முதலாளி, காபி கீபி கிடையாதா? வந்ததுல இருந்து தொண்ட காயுது." அப்புறம் சாதாரணமாக, "அந்தத் தொண்ணூத்தொரு சென்ட்டு இருந்துச்சே, அத எடுத்து வைங்க. ஆண்டிபட்டிப் பக்கம் இன்னொரு எடமும் பேச்சுல இருக்கு. பொண்ணு பேங்க்ல வேல. அடுத்த வாரம் அவுகளக் கூட்டிட்டு வாரேன். பாக்கப் பெருசா இருந்தாச் சரிதான், சீட்ட என்னத்துக்குப் பாத்துக்கிட்டு" என்றார்.

"தாராளமா வாங்க சார். எடுத்து வச்சுருவோம்" என்றான் ராம்கி. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கடித்துக் குதறிக்கொண்டவர்கள் மாதிரியே இல்லை. காபி வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

ராம்கி தொப்பையைக் காகிதத்தில் மடித்து முனீஸ்வரியிடம் நீட்டினான். "தட்டுல வை. நேத்து வந்த புதுக் கல்லோட சேத்து வை."

"நீங்களே வைங்கண்ணே."

"என்னது?"

"இத இனிமே நான் யாருக்கும் காட்ட மாட்டேன். காட்டச் சொன்னா முழுசாச் சொல்லுவேன்."

வாடிக்கையாளர் முன்னால் கத்த முடியாது. ராம்கி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "அம்புட்டுப் படிப்பு இந்த மாடிக்குத் தேவையில்ல முனீசு. கீழ கொலுசுக்கு ஆள் பத்தல. போயி அங்க நில்லு. இப்பவே போ."

"போறேன்" என்றாள்.

இடுக்கியைத் துணியில் துடைத்து வைத்தாள். ஜன்னல் திட்டில் கிடந்த ஓட்டை போட்ட தாளை எடுத்துக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். அவள் படியிறங்கும்போது செல்வக்குமார் டம்ளரை நீட்டி, காபியில் சர்க்கரை பத்தவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.